எல்லைப்புறத்தில் தலைமை வளர்ந்த வரலாறு

தலைமை என்பது பிறப்பால் வருவது என்று ஒரு காலத்தில் நம் முன்னோர் நம்பினர். பொருளால் வருவது என்று பின்னர் நம்பினர். இன்றோ அது கட்சியால் வருவது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இம்மூன்று எண்ணமும் எத்துணைப் பிழையானவை என்பதைக் காட்ட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் முதல் தேவிகுளம், பீர்மேடு மலைகள் வரையில் நீண்டு கிடக்கும் எல்லைப்புறத் தமிழரின் வரலாறே போதிய சான்றாகும். அவ்வரலாற்றைச் சங்கத்தின் ஆண்டு மலரில் எடுத்துரைக்க நாம் முன்வருவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் காலனியின் பிள்ளைகளுக்கு அடுத்த முப்பது ஆண்டுகளில் யார் வாயாக நின்று பேசுவார் என்னும் வினாவுக்கு விடை அதில் அடங்கியிருக்கிறது.

கங்காணியின் தலைமை

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளிற் காடு திருத்தும் பணி தொடங்கிற்று. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி நிறுவப்பெற்றது. காடு திருத்தவும் தேயிலை நடவும் ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்த குடும்பங்கள் போடிநாயக்கனூர் வழியாக மலையேறின. ஏலம் விளைந்த மலைகளிலும் பீர்மேட்டுத் தோட்டங்களிலும் நிகழ்ந்தது இதுவே.

இம்மக்களை அழைத்து வந்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்தவரும் அவரே. வேலை வாங்கியவரும் அவரே. துரையிடம் சென்று பேசியவரும் அவரே. அவர் பேசியதே தொழிலாளர் பேசியதாகக் கொள்ளப்பட்டது. ஆகவே, மலைநாட்டுத் தமிழர் தலைமை என்பதை முதன்முதலிற் கண்டது தம் குரலைத் தம்மிடமிருந்து வாங்கிக்கொண்ட ஒருவரின் உருவில்தான். கங்காணிகளில் நல்லவரும் இருந்திருப்பர். அது வேறு செய்தி. ஒரு மக்கட் கூட்டத்தின் சார்பிற் பேசும் பயிற்சி ஒரே ஆளிடம் தங்கிவிட்டால், அவர் போன பின்பு அக்கூட்டம் ஊமையாகிவிடும் என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டிய பாடம்.

அகத்தேத்தறையில் ஒரு விடுதி

மலைமேல் இவ்வாறிருக்க, கணவாயின் வாயிலில் உள்ள பாலக்காட்டில் வேறொரு முயற்சி அரும்பியது. கல்பாத்தி அக்கிரகாரத்தைச் சேர்ந்த டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் வழக்கறிஞர் தொழிலை விடுத்துக் காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டவர். 1922-23ஆம் ஆண்டளவில் அவர் தோற்றுவித்த சபரி ஆசிரமம் அகத்தேத்தறையில் நிலைபெற்றது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் பிற குலத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, படித்து, நூல் நூற்று வாழ்ந்தனர்.

இதன் அருமையை உணர வேண்டுமாயின் அக்காலத்தை நினைவுகூர வேண்டும். 1924ஆம் ஆண்டில் கல்பாத்தித் தேர் வீதியில் ஈழவர் முதலியோர் நடப்பதே பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்கான அறப்போர் தொடங்கிற்று. அத்தகைய நாளில் அந்தணர் ஒருவர் எல்லாக் குலத்துச் சிறுவரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். தம் உற்றார் உறவினரின் வெறுப்பை அவர் விலையாகக் கொடுக்க நேர்ந்தது. காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் மும்முறை அவ்வாசிரமத்துக்கு வருகை தந்தார்.

இளைஞர் பயிற்சி என்றவுடன் நமக்குச் சொற்பொழிவு நினைவுக்கு வருகிறது. சபரி ஆசிரமம் சொற்பொழிவைக் காட்டிலும் கூட்டு வாழ்க்கையை நம்பிற்று. தண்ணீர் இறைக்கும் முறை, அடுக்களை முறை, துப்புரவு முறை என்று பணிகள் எல்லார்க்கும் பொதுவாய் அமையும் இடத்தில் ஒருவன் பிறர்மேல் ஏவல் செலுத்துமுன் தானே ஏவலை ஏற்கக் கற்கிறான். தலைமையின் முதற்படி இதுவேயாம்.

இது நம் நாட்டுக்கே உரிய கண்டுபிடிப்பன்று. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்சித் தீவில் பேடன் பவல் இருபது சிறுவரைக் கூட்டி நடத்திய பாசறையிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. ஆறு அல்லது எட்டுச் சிறுவர் கொண்ட சிறு அணி. அவர்களில் ஒருவனே அணித்தலைவன். பெரியவர் தூர நின்று பார்ப்பவர். இதுவே அவ்வியக்கத்தின் உயிர்நாடி. அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனச் சென்னையில் சாரணர் சங்கம் அமைத்ததும், 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஒன்றிணைந்ததும் அவ்வழியில் வந்தவையே.

"தங்காத மக்கள்" என்ற பெயர்

நாடு விடுதலையடைந்த காலத்தில் திருவிதாங்கூர்த் தமிழர், தம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று போராடினர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு அப்போராட்டத்தை நடத்தியது. மார்ஷல் நேசமணி அதன் பெருந்தலைவர். 1954ஆம் ஆண்டில் தேவிகுளத்தில் தடையை மீறியமைக்காக அவரும் தோழர்களும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன.

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் அமர்ந்த மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பர் 30ஆம் நாள் தன் அறிக்கையை அளித்தது. தெற்கேயுள்ள தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றையும் செங்கோட்டையையும் சென்னையோடு சேர்க்க அது பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் மலையாள மாநிலத்துக்கே உரியவை என்று முடிவு செய்தது. அங்குள்ள தமிழரிற் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகின்றவர். நிலையாகத் தங்குவோர் அல்லர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களோடு, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்த் தமிழ்க் கிராமங்களும் அதன் எல்லைக்குள் நின்றன. 1972 சனவரி 26ஆம் நாள் இடுக்கி மாவட்டம் அமைந்தது.

எல்லை எங்கே அமைந்திருக்க வேண்டும் என்னும் பழைய வழக்கை மீண்டும் கிளப்புவது நம் நோக்கமன்று. மலையாள மக்களோடு உடன்பிறந்தாராய் வாழ்வதே நம் கொள்கை. ஆயினும் மூன்று தலைமுறை உழைத்த மக்களைத் தங்காதவர் என்று சொல்ல எவ்வாறு இயன்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களுக்குச் சொந்த நிலமில்லை, சொந்த வீடில்லை, தோட்டத்து லயமே வீடு. ஊர்க்காரியம் என்று சொல்லத்தக்க ஒன்றை நடத்தும் வாய்ப்பும் அவர்களுக்கு அரிதாகவே கிட்டிற்று. கடல் கடந்த இலங்கை மலைநாட்டிலும் இதே வினையே நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களில் வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நாங்கள் இவ்வூரார் என்று நிறுவும் ஆற்றல் ஒரு மக்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இழப்புக்கிடையே கிடைத்த உரிமைகளும் உண்டு. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பிற் சேர்ந்த 350அ என்னும் பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெற வகை செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையோர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, பொழுதுபோக்கு ஆகியவற்றை முதலாளியின் கடமைகளாக்கியது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் படித்து, மனு எழுதி, அலுவலகப் படியேறிக் கேட்கத் தெரிந்த இளைஞர் வேண்டும்.

பாட்டுக் குழு என்னும் பள்ளி

1958ஆம் ஆண்டில் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அமைச்சரவை சிறிய பெரும்பான்மையோடு ஆட்சி செய்த காலம் அது. ஆகவே, நாடே அத்தேர்தலை நோக்கிற்று. ரோசம்மா புன்னூஸ் அம்மையார் அதில் வெற்றி பெற்றார். எக்கட்சி வென்றது என்பது இங்கு நமக்குப் பொருட்டன்று. அத்தேர்தலில் தோட்டந்தோறும் சென்று பாடிய பாட்டுக் குழுவைப் பற்றியே நாம் சொல்ல விழைகிறோம்.

மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் அக்குழுவின் தலைவர். கூலியுயர்வையும் அரிசி விலையையும் நாட்டுப்புற மெட்டிலே புனைந்து பாடுவதில் அவர் வல்லவர். அவருடைய தம்பியரும் அக்குழுவில் இடம்பெற்றனர். பதினான்கு வயதளவில் அண்ணனோடு புறப்பட்ட இராசையா என்னும் சிறுவனே பிற்காலத்தில் உலகம் போற்றும் இளையராஜா ஆனார். இசைக் கல்லூரியில் அவர் முதற்பாடம் கற்கவில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து, எப்போது மெட்டை மாற்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிவதே அப்பயிற்சி. ஆயிரம் பேர் முன் அஞ்சாது நிற்கும் திறன் அவ்வாறுதான் வரும். நம் பிள்ளைகளுக்கு அளிக்கும் மேடையை ஆண்டுக்கொரு நாள் என்று சுருக்கிக்கொண்டால் அத்திறன் எங்ஙனம் வளரும்?

படிப்பகமும் பாலர் சங்கமும்

மலையாள நாட்டில் இத்துறையில் நடந்த நற்செயல்களை நாம் மனமுவந்து பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம். 1938 டிசம்பரில் கண்ணூர்ப் பக்கத்துக் கல்யாச்சேரியில் தேசிய பாலசங்கம் என்னும் சிறுவர் அமைப்புத் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் ஈ. கே. நாயனார், அப்போது அவருக்கு வயது 19. பிற்காலத்தில் மும்முறை அம்மாநில முதலமைச்சராக விளங்கியவர் அவரே. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகர மேயராகப் பொறுப்பேற்ற ஆர்யா இராஜேந்திரனுக்கு வயது 21. அவர் அதே பாலசங்கத்தின் மாநிலத் தலைவராக இருந்தவர். எண்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே நாற்றங்காலிலிருந்து இரு பயிர்கள் எழுந்தன. நாற்றங்கால் இருந்தமையால் பயிர் எழுந்தது.

1945ஆம் ஆண்டில் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி நூலகச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஊர்தோறும் படிப்பகம் எழுந்தமைக்கு அதுவே தோற்றுவாய். படிப்பகம் என்பது புத்தகம் அடுக்கிய அறை மட்டுமன்று. செயலாளர் யார், சந்தா எவ்வளவு, எந்த நாளிதழ் வாங்குவது என்று இளைஞர் கூடி வழக்காடும் சிறு மன்றம் அது. கணக்கு எழுதவும், தீர்மானம் நிறைவேற்றவும், தோற்ற பின்பும் உடன் இருக்கவும் அங்கேதான் கற்றனர்.

இடுக்கி மாவட்டத்துக் காட்டின் நடுவே உள்ள இடமலைக்குடியின் சிறப்பு இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. அங்கு வாழும் முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்னும் மரபை உடையவர்; அவர்கள் பேச்சு தமிழோடு நெருங்கியது. 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாக அது அமைந்தது. அங்கே ஒரு சிறு தேநீர்க் கடையில் 160 புத்தகங்களைக் கொண்டு அக்ஷரா என்னும் கலை விளையாட்டு மன்றத்தின் நூலகம் நடைபெற்றதை 2014ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய். மாதச் சந்தா 2 ரூபாய். மலையாள இலக்கியங்களோடு சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அங்கே இருந்தது. யானை நடமாடும் காட்டில் 160 புத்தகங்களுக்குப் பதிவேடு வைத்து நூலகம் நடத்த இயன்றதாயின், மின்விளக்கும் சாலையும் உள்ள நம் காலனிக்கு எது தடை என்று நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும்.

பெண்கள் காட்டிய வழி

எல்லைப்புறத்தில் அண்மைக்கால வரலாற்றை எழுதியவர் பெண்களே. பாலக்காட்டு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கோக்கோ-கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டதென ஊரார் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22ஆம் நாள் ஆலைவாயிலில் அறப்போராட்டம் தொடங்கியது. இரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். பள்ளிப் படிப்போ பதவியோ இல்லாத அம்மூதாட்டி நாள்தோறும் பந்தலில் அமர்ந்தார். ஊராட்சி மன்றம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 சனவரியில் மறைந்தார்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலை பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். முந்திய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் அவ்வாண்டு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். அந்நாளில் நாட்கூலி 232 ரூபாய். பெம்பிளை ஒருமை என்று தம்மை அழைத்துக்கொண்ட அப்பெண்கள், நெடுங்காலமாகத் தம் பெயரிற் பேசி வந்த தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொன்னது தான் அனைவரையும் வியக்கச் செய்தது. லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோர் முன்னின்று பேசினர். ஒன்பது நாட் போராட்டத்துக்குப் பின் 20 விழுக்காடு கிடைத்தது. பின்னர் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கோமதி வட்டார ஊராட்சி உறுப்பினரானார். கங்காணியிடம் இழந்த குரலை நூறாண்டு கழித்து அப்பேத்திமார் தாமே மீட்டனர் என்று கூறுதல் மிகையாகாது.

ஆனால், வரலாறு கூறும் மற்றொரு பாதியையும் மறைத்தல் தகாது. வெற்றிக்குப் பின் அவ்வணியிற் கருத்து வேற்றுமை எழுந்தது, தலைவியர் பிரிந்தனர், அமைப்பு மெலிந்தது. துணிவு ஒரு நாளிற் பிறக்கலாம். கூட்டம் நடத்துவது, பணத்துக்குக் கணக்குக் காட்டுவது, மாறுபட்ட கருத்தைப் பொறுப்பது, அடுத்தவரை வளர்த்து விடுவது ஆகியவை ஒரு நாளிற் பிறப்பன அல்ல. அவை இளமை முதல் பழகி வர வேண்டியவை. அப்பெண்கள் குறையுடையவர் அல்லர். பதினைந்து வயதில் அவர்களுக்கு ஒரு மன்றத்தையும் ஒரு கணக்கேட்டையும் கொடுக்காத சமுதாயமே குறையுடையது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்ட லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். தொலைபேசி அறுந்த அம்மழையிரவில் நிகழ்ந்தது வெளியுலகுக்கு மறுநாட் காலையிலேயே தெரிந்தது. வெளியார் வந்து சேருமுன் முதல் சில மணி நேரம் அண்டை அயலாரையன்றி வேறு துணை இல்லை. யார் எவ்வீட்டில் உள்ளார், கயிறு எங்கே, மருந்து எங்கே, செய்தி சொல்ல எவர் ஓடுவர் என்பவற்றை முன்கூட்டியே வகுத்து வைக்கும் இளைஞர் அணி மலையோரம் வாழும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் உயிர்க்காப்பாகும்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நமக்குக் கிட்டும் படிப்பினைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, பொறுப்பைக் கொடுத்தாலன்றிப் பொறுப்புணர்ச்சி வாராது. நம் சங்கத்தில் இளைஞர்க்கு நாற்காலி அடுக்கும் வேலையும் தண்ணீர் வழங்கும் வேலையும் தருகிறோம். பணப்பெட்டியையும் பதிவேட்டையும் நாமே வைத்துக்கொள்கிறோம். இனி ஒரு சிறு தொகையை இளைஞர் பிரிவிடமே ஒப்படைத்து, அதற்குரிய கணக்கைப் பொதுக்குழுவில் அவர்களே படிக்கச் செய்வோம். பத்து ரூபாய் தவறினாலும் கற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, பதவி சுழல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு செயலாளர் என்று வைத்தால் ஐந்தாண்டிற் பத்துப் பேர் பழகுவர். கங்காணி முறை நம் சங்கத்தினுள்ளே வேறு பெயரில் நுழையாதிருக்க இதுவே காப்பு.

மூன்றாவது, பெண்பிள்ளைகளுக்குச் சரிபாதி இடம் வேண்டும். வரவேற்புரையும் கோலமும் மட்டுமே அவர்களுடையவை என்று ஒதுக்கினால் பிளாச்சிமடையிடமும் மூணாற்றிடமும் நாம் ஒன்றும் கற்கவில்லை என்றே பொருள்.

நான்காவது, அரசும் ஊராட்சியும் திறந்து வைத்திருக்கும் வாயில்களில் நம் பிள்ளைகள் நுழைய வேண்டும். கேரளத்திற் குடும்பஸ்ரீ அமைப்பின் கீழ்ப் பிள்ளைகளுக்கெனப் பாலசபைகள் உள்ளன. 2010ஆம் ஆண்டில் 127 பள்ளிகளில் தொடங்கிய மாணவர் காவற்படைப் பயிற்சி உள்ளது. கல்லூரிகளில் 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் உள்ளது. பதினெட்டு வயது நிரம்பியோர்க்குக் கிராம சபை உள்ளது. கேரளத்துச் சட்டப்படி அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். கிராம சபைக்குச் சென்று ஒரு குழாய்க்கோ ஒரு தெருவிளக்குக்கோ எழுந்து நின்று கேட்ட இளைஞன், பத்துச் சொற்பொழிவு கேட்டவனைக் காட்டிலும் முன்னேறியவன். அங்கே மலையாளத்திற் பேசத் தயங்கக் கூடாது. தமிழில் மனு எழுதும் உரிமையை மறக்கவும் கூடாது. இரு மொழியும் தெரிந்த இளைஞனே எல்லைப்புறத்தில் இரட்டை வலிமை உடையவன்.

ஐந்தாவது, படிப்பகம். நம் காலனியில் வாடகைக்கோ இரவலுக்கோ ஓர் அறை கிடைத்தல் அரிதன்று. வீட்டுக்கு இரண்டு புத்தகம் தந்தாலே இடமலைக்குடியின் எண்ணிக்கையை எட்டிவிடலாம். அதை நடத்தும் பொறுப்பு முற்றிலும் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

தோட்டத்து வேலையை விட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் நம் இளைஞர் இன்று சென்றுகொண்டிருக்கின்றனர். செல்வது தவறன்று, நம் முன்னோரும் அவ்வாறு வந்தவரே. ஆயினும் செல்லுமிடந்தோறும் பிறர் கைகாட்டிய வழியில் நிற்கும் ஆளாக அவர் செல்வதா, கூடி வாழவும் கூட்டத்தை நடத்தவும் கற்ற ஆளாகச் செல்வதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு நம்முடையது. தங்காத மக்கள் என்று நம்மைப் பற்றி ஒருகால் எழுதப்பட்டது. அதை மறுக்க உரிமைப் பத்திரம் மட்டும் போதாது. ஊர்க்காரியத்தைத் தாமே நடத்தும் ஆண்களும் பெண்களும் தலைமுறைதோறும் நம்மிடையே எழ வேண்டும். அதற்கான முதற்கூட்டத்தை இவ்விழா முடிந்த திங்களுக்குள்ளேயே கூட்டுமாறு சங்கத்து உறுப்பினர் அனைவரையும் வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் இளைஞர்!